எந்தக் கணக்கை எடுப்பது? ஒரு டியூஷன் டீச்சரின் அனுபவம்

அந்தப் பையனுக்குப் பதினாறு வயது. கால்குலஸ் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எக்ஸ்²-ன் வகைக்கெழுவை, அதாவது அதன் வளைவரையின் சாய்வை, எல்லை வரையறையிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, அவன் எழுதுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். (எக்ஸ் + ஹெச்)² என்று எழுதினான். அடுத்த வரியில் அது எக்ஸ்² + ஹெச்² ஆனது. எக்ஸ்²-ஐக் கழித்தான். மிஞ்சிய ஹெச்²-ஐ ஹெச்சால் வகுத்தான். ஹெச் பூச்சியத்தை நெருங்குகிறது, ஆகவே விடை பூச்சியம்.

"ஆன்சர் ஜீரோ மிஸ்."

பரவளையத்தை வரையச் சொன்னேன். அழகாகவே வரைந்தான். "சாய்வு எல்லா இடத்துலயும் ஜீரோன்னா படம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ஃபிளாட்டா இருக்கும்." "இது ஃபிளாட்டா இருக்கா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போட்டுப் பார்த்தா ஜீரோதானே மிஸ் வருது" என்றான். குரல் கம்மியிருந்தது.

பதினான்கு வருடமாக ஆன்லைனில் உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வெவ்வேறு நாட்டுப் பாடத்திட்டங்களில் படிக்கிறவர்கள் வருகிறார்கள். ஒரே வாரத்தில் ஐபி எனும் பன்னாட்டுப் பாடத்திட்டம், இங்கிலாந்தின் ஏ லெவல், அமெரிக்கப் பாடம், சிபிஎஸ்இ நான்கையும் தொட வேண்டியிருக்கும். வருடா வருடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவன் எந்த மேத்ஸ் எடுக்கணும்?" அந்தக் கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்ன நாட்களும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் பையன் கால்குலஸுக்கு முந்தைய எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவன். பள்ளியில் யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே வர்க்கம் இருந்தால் அதை உள்ளே இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை எட்டாம் வகுப்பிலிருந்து அவன் கூடவே வந்திருக்கிறது. தேர்வுகளில் முற்றொருமையை மனப்பாடமாக எழுதச் சொன்னால் சரியாக எழுதுவான். வேறொரு கணக்கின் நடுவில் அதே சங்கதி வந்தால் பழைய பழக்கம் தலைதூக்கிவிடும். கால்குலஸ் கணக்குகளில் புதிதாக இருப்பது ஒரு வரி, இரண்டு வரிதான். மீதி எல்லாம் இயற்கணிதம். பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த மீதியில்தான் என்பதை இத்தனை வருடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் கால்குலஸை ஐந்து வாரம் ஓரமாக வைத்தோம். அவனுக்கு நான் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பார். மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் நான்கு, அதன் வர்க்கம் 16. ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தால் 10. இரண்டும் ஒன்றாகுமா? 1/எக்ஸ் + 1/ஒய் என்றால் 2/(எக்ஸ் + ஒய்) என்று எழுதத் தோன்றுகிறதா, இரண்டையும் மூன்றையும் போட்டுப் பார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. 2/5 அதற்குப் பாதிகூட வராது. இப்படியே பின்னம், அடுக்கு, வர்க்கமூலம், அசமன்பாடு என்று நடந்தோம். ஆறாவது வாரம் அதே வகைக்கெழுவுக்குத் திரும்பினோம். 2எக்ஸ் + ஹெச் வந்தது. "ஹெச் போயிட்டா 2எக்ஸ். அப்போ சாய்வு இடத்துக்கு இடம் மாறும்" என்று, நான் கேட்காமலே, பழைய படத்தை எடுத்து அதன் மேல் தொடுகோடுகளை வரைந்தான்.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் பாடம் தேர்வு செய்வதற்கு முன்னால் ஒரு சின்னத் தாள் கொடுக்கிறேன். பத்துக் கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது. மேலே சொன்ன பின்னக் கூட்டல் அதில் இருக்கும். 5 − 2எக்ஸ் > 11 என்பதுபோல் ஓர் அசமன்பாடு இருக்கும்; குறை எண்ணால் வகுக்கும்போது குறியைத் திருப்புகிறார்களா என்று பார்க்க. எக்ஸ்² + 9-ன் வர்க்கமூலம் எக்ஸ் + 3 ஆகுமா என்று ஒரு கேள்வி. மடக்கையில் ஒன்று. ஒரு நேர்கோட்டின் படத்தைக் கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொல்லும் கேள்வி ஒன்று. விடையைவிட, எழுதிவிட்டு எங்கே அடிக்கிறார்கள், எங்கே யோசிக்காமல் ஓடுகிறார்கள் என்பதைத்தான் கவனிப்பேன். இதை வீட்டிலேயே எந்தப் பெற்றோரும் செய்யலாம். முந்தைய இரண்டு வருடப் பாடப்புத்தகத்தின் பயிற்சிகளிலிருந்து, அத்தியாயத் தலைப்பை மறைத்துவிட்டு, கலந்து பத்துக் கேள்வி எடுத்தால் போதும். தலைப்பை மறைப்பது முக்கியம். தலைப்பு தெரிந்தால் எந்தச் சூத்திரம் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது பாடங்களின் பெயர். அது நிறையப் பேரைக் குழப்புகிறது. ஐபி டிப்ளமோவில் 2019-லிருந்து கணக்கு இரண்டு வழியாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், ஏஏ என்பார்கள். மற்றது அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன், அதாவது ஏஐ. இந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு இதில் செயற்கை நுண்ணறிவு சொல்லித் தருகிறார்கள் என்று நினைத்த பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெயர் அப்படி அமைந்துவிட்டது. இரண்டிலும் எஸ்எல் (ஸ்டாண்டர்ட் லெவல்), ஹெச்எல் (ஹையர் லெவல்) என்று இரண்டு நிலை. எஸ்எல்லுக்கு 150 மணி நேரம், ஹெச்எல்லுக்கு 240 மணி நேரம் கற்பிக்கும் காலம் என்று வகுத்திருக்கிறார்கள்.

ஏஏ-வில் முதல் தாளில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. ஏஐ-யில் எல்லாத் தாளுக்கும் கால்குலேட்டர் உண்டு. இதைக் கேட்டதும் "அப்போ ஏஐ ஈஸி" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஏஐ ஹெச்எல் கேள்வித்தாளை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். அணிகளை வைத்து நிலைமாற்றங்களைக் கணக்கிடுவது, கோட்டுருவியல், பாய்சான் பரவல், கருதுகோள் சோதனை எல்லாம் அதில் இருக்கின்றன. கோட்டுருவியல் என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராய்வது; 1736-ல் கணித மேதை ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி யோசித்ததிலிருந்து கிளம்பிய துறை. அதை இரண்டாம் தரக் கணக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏஐ எடுத்த ஒரு மாணவனோடு வோரனாய் வரைபடம் போட்ட மதியம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வரைபடத்தில் நான்கு ஆம்புலன்ஸ் நிலையங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எது மிக அருகில் என்று பிரிக்க வேண்டும். இரண்டிரண்டு புள்ளிகளுக்கு நடுவே மையக்குத்துக்கோடு வரைந்துகொண்டே வந்தான். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் வந்து சேர்ந்ததும் நிறுத்தினான். "இது நாங்க ஒன்பதாவதுல காம்பஸ் வச்சு வரைஞ்ச சுற்றுவட்ட மையம்தானே?" அதேதான். மூன்று நிலையத்துக்கும் சமதூரத்தில் இருக்கிற இடம். உதவி வந்து சேரத் தாமதமாகும் இடத்தைத் தேடினால் இப்படிப்பட்ட புள்ளிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதற்கென்றே தெரியாமல் காம்பஸில் வரைந்தது நாலு வருடம் கழித்து அவனுக்கு அர்த்தப்பட்டது. ஏஏ எடுத்திருந்தால் இந்தப் பையன் தேறியிருப்பான், ஆனால் இப்படி மலர்ந்திருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ஒரு பெண் சுலபமாக இருக்கும் என்று ஏஐ எஸ்எல் எடுத்தாள். ஒன்றரை வருடம் கழித்துப் பொறியியல் ஆசை வந்தது. அவள் விரும்பிய கல்லூரிகள் ஏஏ ஹெச்எல் கேட்டன. அந்த நேரத்தில் மாறவே முடியாது. ஓர் ஆண்டு தனியாகக் கால்குலஸ் படித்து, வேறு நுழைவு வழியில் போனாள். அதனால் நான் சொல்வது: பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்று உறுதியாகத் தெரியாதபோது, பொறியியல், இயற்பியல், கணிதம், பொருளாதாரம் இவற்றில் ஏதாவது ஒன்று மனதின் ஓரத்தில் இருந்தால்கூட, கால்குலஸ் அதிகமுள்ள வழியை எடுத்துவிடுங்கள். பாதியில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரலாம். இங்கிருந்து அங்கே போவது கடினம். கல்லூரி என்ன கேட்கிறது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் நீங்களே வாசியுங்கள். தெரிந்தவர் சொன்னார், சீனியர் சொன்னான் என்று போகாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இயற்கணிதத்தின் இரண்டாம் பாடத்துக்குப் பதிலாகத் தரவு அறிவியல் பாடம் எடுத்தால் போதும் என்று சில வருடம் ஏற்றுக்கொண்டார்கள். 2023-ல் அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கையை முடிவு செய்யும் ஆசிரியர் குழு அந்த வகை அறிமுகப் பாடங்கள் இயற்கணிதத்துக்கு ஈடாகாது என்று மாற்றிவிட்டது.

சிபிஎஸ்இயிலும் இதே குழப்பம் உண்டு. பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு. பதினொன்று, பன்னிரண்டில் வழக்கமான கணிதம், அல்லது அப்ளைடு மேத்தமேடிக்ஸ். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. அப்ளைடில் நிதிக் கணிதம், குறியீட்டெண்கள், நேரியல் திட்டமிடல், புள்ளியியல் அனுமானம் எல்லாம் வரும். வணிகம், பொருளாதாரம் பக்கம் போகிற பிள்ளைக்கு, மாதத் தவணை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சூத்திரத்தோடு தெரிந்துகொள்வது பெரிய விஷயம். பொறியியலுக்குப் போகப் போகிறவர்களுக்கு அது வழியல்ல.

ஏ லெவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் குழப்பம் குறைவு. 2017-ல் இங்கிலாந்தில் மாற்றியமைத்த பாடத்தில் தூய கணிதம், இயக்கவியல், புள்ளியியல் மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம். இதோடு ஃபர்தர் மேத்தமேடிக்ஸ் என்று தனிப் பாடமாக இன்னொன்று எடுக்கலாம். கலப்பெண்கள், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் அதில் ஆழமாக வரும். கணக்கையே பட்டமாகப் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இனி என் தவறு. அமெரிக்கப் பாடத்தில் வழக்கமான வரிசை இயற்கணிதம் ஒன்று, வடிவியல், இயற்கணிதம் இரண்டு, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று போகும். பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படிக்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தில் கால்குலஸ் இரண்டு வகை. கால்குலஸ் ஏபி-யில் எல்லை, வகையீடு, தொகையீடு, எளிய வகைக்கெழுச் சமன்பாடு. பிசி-யில் இவை எல்லாமும், கூடவே முடிவிலித் தொடர்கள், துணையலகு வளைவரைகள், துருவ ஆயங்கள் (தூரத்தையும் கோணத்தையும் வைத்து இடத்தைக் குறிப்பது). தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண்.

ஒரு பெண். பத்து வயதிலிருந்து புதிர்க் கணக்குகளைத் தானாகத் தேடிப் போட்டவள். வயதுக்கு இரண்டு வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ப்ரீகால்குலஸை முழு வருடம் உட்கார்ந்து படிக்கப் பொறுமையில்லை, விடுமுறை ஆறு வாரத்தில் முடித்துவிட்டு நேராக பிசி-க்குப் போகிறேன் என்றாள். பெற்றோர் என்னைக் கேட்டார்கள். நான் சரி என்றேன். அவள் வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் முக்கோணவியலின் சூத்திரங்கள் அவளுக்கு வந்துவிட்டன. அலகு வட்டம், அதாவது ஆரம் ஒன்றான வட்டத்தில் கோணத்தைச் சுற்றிப் பார்ப்பது, வரவில்லை. நவம்பரில் ஒரு கணக்கு: ஒரு துகளின் திசைவேகம் 2 சைன் டீ − 1. டீ என்கிற நேரம் பூச்சியத்திலிருந்து 2π வரை. துகள் எப்போதெல்லாம் நிற்கிறது, மொத்தம் எவ்வளவு தூரம் போனது? சைன் டீ = 1/2 என்று கொண்டுவந்தாள். டீ = π/6 என்று எழுதிவிட்டுத் தொகையீட்டுக்கு ஓடிவிட்டாள். 5π/6-லும் துகள் நிற்கிறது. அங்கே அது திரும்பிப் பின்னோக்கிப் போகிறது. அது தெரியாததால் எல்லைகள் தப்பு, குறி தப்பு, தூரம் தப்பு. தொகையீடு மட்டும் ஒரு பிழையில்லாமல் சரி. இப்படி ஒரே மாதத்தில் ஏழெட்டுக் கணக்கு. அந்த வார முடிவில், "மிஸ், எனக்கு மேத்ஸ் வராது போல" என்றாள். அந்தச் சொல் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்குக் கணக்கு வராது என்று அவளே நம்பும்படி செய்ததில் எனக்குப் பங்கு உண்டு.

வேகமாக ஓடும் பிள்ளையை என்ன செய்வது என்று அதன் பிறகுதான் சரியாக யோசித்தேன். முன்னால் ஓடுவது ஒரு வழி. அதே வகுப்பில் இருந்துகொண்டு ஆழமாகத் தோண்டுவது இன்னொரு வழி. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் 1959-ல் ருமேனியாவில் தொடங்கியது. அதில் ஆறே கணக்கு. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம். இயற்கணிதம், சேர்வியல், வடிவியல், எண் கோட்பாடு இவைதான் பொருள். கால்குலஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. அப்படியும் உலகத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் திணறுகிறார்கள். ஒலிம்பியாடுக்குப் போகிறார்களோ இல்லையோ, நாட்டளவில் நடக்கும் ஆரம்பச் சுற்றுகளின் பழைய கேள்விகளை எடுத்து வாரத்துக்கு இரண்டு போட்டாலே வேகக்காரப் பிள்ளைக்கு வேண்டிய தீனி கிடைத்துவிடும். கான் அகாடமியில் எல்லா வகுப்புப் பாடமும் இலவசமாக இருக்கிறது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இலவசத் தளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் முழுதாக இருக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னோடு சேர்ந்து அவற்றின் முதல் பத்து வகுப்புகளைப் பார்த்துப் பயிற்சி போட்டிருக்கிறார்கள். கால்குலஸ் இல்லாமலே அந்தப் பத்தும் புரிகின்றன.

ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்த்துத் தலையாட்டுவது படிப்பல்ல. பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு, வெள்ளைத் தாளில் அதே கணக்கைத் திரும்பப் போட முடிகிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பிள்ளைகள் மூன்றாவது வரியில் நின்றுவிடுவார்கள்.

புள்ளியியலைப் பற்றி ஒரு சொல். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்டில் புள்ளியியல் தனிப் பாடம். கால்குலஸ் தெரிய வேண்டியதில்லை, இயற்கணிதம் இரண்டு முடித்திருந்தால் எடுக்கலாம். கால்குலஸ் முடியாதவர்கள் எடுப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருத்துவம், உளவியல், சமூக அறிவியல் பக்கம் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அதுதான். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் எழுத வேண்டியது நிறைய. மாதிரியை எப்படி எடுத்தார்கள், இந்த முடிவை யாருக்கெல்லாம் பொருத்தலாம் என்று வாக்கியமாக எழுதினால்தான் மதிப்பெண். சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிற பிள்ளைகள் இதில் அடிபடுகிறார்கள்.

இப்போது பெற்றோர் கேட்டால் நான் செய்வது இதுதான். எடுக்க நினைக்கும் பாடத்தின் பழைய கேள்வித்தாள் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறேன். போட வேண்டாம், படி என்பேன். எந்தக் கேள்வி சுவாரசியமாக இருக்கிறது, எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று பென்சிலில் குறிக்கச் சொல்வேன். இன்னும் படிக்காத பாடம்தானே, எப்படிப் புரியும் என்று கேட்பார்கள். முழுசாகப் புரியாது. ஆனால் பக்கம் முழுக்கக் குறியீடுகளோடு "நிறுவுக" என்று இருப்பதைப் பார்த்துக் கண் விரிகிற பிள்ளையும், ஒரு பத்தி நீளத்துக்கு நிலைமையை விவரித்து "இந்த மாதிரி பொருந்துமா" என்று கேட்பதைப் பார்த்து நிமிர்ந்து உட்காருகிற பிள்ளையும் வேறு வேறு. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிவது, மதிப்பெண் பட்டியலை ஒரு மணி நேரம் பார்த்தாலும் தெரியாது.

பாடம் தொடங்கிய பிறகு முதல் ஆறு வாரத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பாருங்கள். மதிப்பெண்ணை அல்ல, வீட்டுப்பாடத்தை. ஒரு கணக்கில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு கடைசியில் வெளியே வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. விடைக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே பேச வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் பாடம் மாற்ற ஒரு கடைசித் தேதி இருக்கும்; சேரும்போதே அதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டிய பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

அவசரமாக பிசி எடுத்த அந்தப் பெண்ணின் பள்ளியில் அரையாண்டு முடிவில் மாற இடம் கொடுத்தார்கள். பிசி-யிலிருந்து ஏபி-க்கு வந்தாள். மாறிய அன்று அழுதாள். நான் அவளுடைய பெற்றோரிடம் இது என் கணிப்புப் பிழை என்று சொன்னேன், அவளிடமும் சொன்னேன். வாரத்தில் ஒரு நாளை முக்கோணவியலுக்கு ஒதுக்கினோம். அலகு வட்டத்தை அவளே அட்டையில் வெட்டி, நூல் கட்டிச் சுற்றினாள். அடுத்த வருடம் பிசி எடுத்தாள். அவளுக்குப் புதிதாக இருந்தவை தொடர்களும் துருவ ஆயங்களும்தான். துருவ ஆயங்களில் முதல் கணக்கு, ஆர் = 1 − 2 சைன் தீட்டா. உள்ளே ஒரு சின்னக் கண்ணி விழும் வளைவரை. அந்தக் கண்ணியின் பரப்புக்கு எல்லைகள் வேண்டும். சைன் தீட்டா = 1/2 என்று எழுதினாள், கை நின்றது, வட்டத்தை வரைந்தாள், π/6, 5π/6 இரண்டையும் எழுதிவிட்டுத்தான் தொகையீட்டைத் தொட்டாள்.